வெல்டிங் கற்கும் மாணவரின் பொறுப்பு எதுவரை?

வெல்டிங் பயிற்சியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். நான்கு பக்க விதித்தாளைக் கொடுத்து, 'என் பாதுகாப்புக்கு நானே பொறுப்பு' என்ற வரியின் கீழ் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அதில் எது உண்மையான ஆபத்து, எது வெறும் சம்பிரதாயம், கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு வெல்டிங் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. இப்போதுதான் ஹோல்டரை, அதாவது வெல்டிங் ராடு என்ற உருகும் கம்பியைக் கவ்வும் கைப்பிடியை, கையில் பிடித்த ஒருவர் எதற்கெல்லாம் பொறுப்பேற்க முடியும், எதற்கு முடியாது? முதலில் அதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

நான் பல வருடங்களாக வெல்டராக இருந்து, பிறகு மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன். மருத்துவனோ வழக்கறிஞனோ இல்லை. விபத்து நடந்தால் சட்டப்படி யார் பொறுப்பு என்பது நாட்டுக்கு நாடு, பயிற்சி ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும்; அதைச் சட்டம் படித்தவரிடம்தான் கேட்க வேண்டும். பட்டறைக்குள் நான் கடைப்பிடிக்கும் கணக்கு எளிது: யார் கையில் கட்டுப்பாடு இருக்கிறதோ அவர் பொறுப்பு. புகையை இழுத்து வெளியேற்றும் விசிறி, இயந்திரத்தின் பராமரிப்பு, மின் இணைப்பு, ஒவ்வொருவரும் வேலை செய்யும் தடுப்புகளுக்கு (பூத்) நடுவில் தொங்கும் திரை, தீயணைப்பான், உங்களுக்குச் சொல்லித்தராத வேலையை உங்களிடம் தராமல் இருப்பது, இவையெல்லாம் பயிற்சிக்கூடத்தின் பொறுப்பு. நீங்கள் எத்தனை கையெழுத்து போட்டாலும் அந்த விசிறியை உங்களால் வாங்கி மாட்ட முடியாது. ஆனால் அது ஓடுகிறதா என்று பார்ப்பதும், ஓடவில்லை என்றால் ஆர்க் (ராடுக்கும் இரும்புக்கும் நடுவில் எரியும் மின்பொறி) போடாமல் போய்ச் சொல்வதும் உங்கள் கையில் இருக்கிறது. மாணவரின் பொறுப்பு முக்கால்வாசி இதுதான்: பார்ப்பது, நிறுத்துவது, சொல்வது.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்தத் தொழிலில் உடம்பு சரியான நேரத்தில் எச்சரிக்காது. சூடான இரும்பைத் தொட்டால் கை தானாக விலகிவிடும். வெல்டிங்கின் பெரிய கெடுதல்கள் அப்படி இல்லை; பல மணி நேரம் கழித்து வரும், சில சமயம் பல வருடம் கழித்து வரும். 'வலிக்கவில்லையே, பரவாயில்லை' என்ற கணக்கு இங்கே செல்லாது. புதிதாக வருபவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்க்கிலிருந்து வரும் புறஊதாக் கதிர் கருவிழியின் மேற்பரப்பைச் சுட்டுவிடும். சுடும்போது ஒன்றும் தெரியாது, 'பளிச்' என்ற வெளிச்சம் மட்டும்தான். சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்த பிறகு, கண்ணுக்குள் மணலைக் கொட்டியது போல உறுத்த ஆரம்பிக்கும். தண்ணீராகக் கொட்டும், விளக்கைப் பார்க்க முடியாது. பட்டறையில் இதைத்தான் 'ஆர்க் அடித்துவிட்டது' என்பார்கள். பெரும்பாலும் ஓரிரண்டு நாளில் ஆறிவிடும். ஆனால் கண்ணைக் கசக்கக் கூடாது. உருளைக்கிழங்குத் துண்டு வைப்பது போன்ற கைவைத்தியமும் வேண்டாம், புண்ணான மேற்பரப்பில் கிருமி ஏறும். வலியை மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை வாங்கி வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப விடுவதும் கெடுதல்தான், புண் ஆறுவது தள்ளிப்போகும். மருத்துவரிடம் போங்கள்.

ஹெல்மெட்டில் உள்ள கருப்புக் கண்ணாடியின் எண், அதாவது அது எவ்வளவு கருமை என்பதைக் காட்டும் எண் பற்றித் தாளில் ஒரு அட்டவணை இருக்கும். ராடு வெல்டிங்கில் 60 முதல் 160 ஆம்பியர் வரை 10-ஆம் எண், அதற்கு மேல் 250 ஆம்பியர் வரை 12-ஆம் எண் என்பது பொதுவான பரிந்துரை. முதலில் கருமை கூடியதைப் போட்டுப் பாருங்கள். உருகிய உலோகக் குட்டை தெளிவாகத் தெரியவில்லை என்றால் ஒவ்வொரு எண்ணாகக் குறையுங்கள், அட்டவணை சொல்லும் குறைந்தபட்சத்துக்குக் கீழே போகாதீர்கள். கேஸ் வெல்டிங்குக்கான கண்ணாடி 4 முதல் 8 வரையிலான எண்களில் வரும். அதைப் போட்டுக்கொண்டு ஆர்க்கைப் பார்க்கும் மாணவர்களை நான் நிறையத் தடுத்திருக்கிறேன். கருப்பாகத்தானே இருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். தானாகக் கருக்கும் ஹெல்மெட்டைப் பற்றியும் ஒரு பயம் உண்டு, கருப்பதற்குள் கண் போய்விடுமோ என்று. தரச்சான்று உள்ள ஹெல்மெட்டில் புறஊதா, அகச்சிவப்புக் கதிர்களைத் தடுக்கும் வடிகட்டி கருக்காத நிலையிலும் வேலை செய்யும். அதன் சென்சாரை மறைத்துக்கொண்டு வேலை செய்யாமல் இருப்பதும் பேட்டரியைப் பார்ப்பதும்தான் உங்கள் வேலை.

ஆனால் நான் பார்த்தவரை, பயிற்சிக்கூடத்தில் கண் கெடுவது பெரும்பாலும் சொந்த ஆர்க்கால் அல்ல, பக்கத்தில் இருப்பவர் ஆர்க்கால்தான். திரையைச் சரியாக இழுக்காமல் 'ஒரு டேக்தானே' (துண்டுகளைப் பிடித்து நிறுத்தப் போடும் சின்னப் பற்று) என்று போடுவார்கள். அப்போது வழியில் நடந்து போகிறவருக்கு அடிக்கும். ஆகவே ஆர்க் போடும் முன் திரையை மூடி, சுற்றிலும் பார்த்து, 'கண்ணு!' என்று சத்தமாக ஒரு குரல் கொடுங்கள். அந்தத் தாளில் 'என் பாதுகாப்பு' என்று மட்டும் போட்டிருப்பது எனக்கு உடன்பாடு இல்லாத விஷயம். உங்கள் ஆர்க் படும் எல்லார் கண்ணுக்கும் நீங்கள் பொறுப்பு.

கண்ணைப் பற்றி இன்னொன்று. பீடு, அதாவது வெல்டிங் வரியை, ஓட்டி முடித்துவிட்டு, எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கும் ஆசையில் ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு குனிவீர்கள். எல்லாரும் செய்வார்கள். ஆறும்போது இரும்பும் அதன் மேல் ஓடு போலப் படிந்த கசடான ஸ்லாக்கும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. அதனால் சுத்தியல் படாமலேயே ஸ்லாக் 'டிக்'கென்று வெடித்துத் தெறிக்கும், அதுவும் செந்தணலாக. சில ராடுகளில் ஸ்லாக் பாம்பு போலச் சுருண்டு தானே எழும்பும். பார்க்க அழகாக இருக்கும், முகம் இன்னும் பக்கத்தில் போகும். இதனால்தான் ஹெல்மெட்டுக்கு உள்ளேயே வெள்ளைப் பாதுகாப்புக் கண்ணாடியும் போடச் சொல்கிறோம். பட்டறைக்குள் நுழைவதிலிருந்து வெளியே வரும்வரை அது கழலவே கூடாது. கிரைண்டர் பிடிக்கும்போது அதன் மேல் முகக்கவசமும் வேண்டும்.

அடுத்து புகை. இதில் எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2017-இல் வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் தொகுதியில் சேர்த்தது. அதற்கு முன்பு 'உண்டாக்கக்கூடும்' என்ற தொகுதியில்தான் இருந்தது. நுரையீரல் புற்றுநோய்க்குச் சான்று போதுமானது என்றும், சிறுநீரகப் புற்றுநோய்க்குச் சான்று மட்டுப்பட்டது என்றும் அந்த அறிக்கை தெளிவாகவே பிரித்தது. சாதாரண இரும்பை வெல்டிங் செய்யும் புகையும் இதில் அடக்கம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் அறு இணைதிறன் குரோமியம் என்ற, குரோமியத்தின் நச்சு வடிவம் கூடுதலாக வரும், எச்சரிக்கையும் கூட வேண்டும். சில மாதப் பயிற்சியில் ஒருவருக்கு எவ்வளவு பாதிப்பு என்பதற்கு ஒரே எண் கிடையாது. எந்த உலோகம், எத்தனை மணி நேரம், காற்றோட்டம் எப்படி என்பதைப் பொறுத்தது. ஆனால் இந்தச் சில மாதங்களில் பழகும் பழக்கம்தான் அடுத்த முப்பது வருடம் கூடவே வரும்.

பால் குடித்தால் புகை முறிந்துவிடும் என்று பழைய வெல்டர்கள் உங்களிடம் சொல்வார்கள். அக்கறையோடுதான் சொல்வார்கள். ஆனால் பால் போவது வயிற்றுக்கு, புகை போவது நுரையீரலுக்கு. பால் காக்கும் என்பதற்குச் சான்று இல்லை. காப்பது தலையை வைக்கும் இடம். ஆர்க் போடும்போது எழும் புகைத் தூண் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். அது நேராக உங்கள் ஹெல்மெட்டின் தாடைக்கு அடியில் புகுந்தால், உள்ளே நீங்கள் மூச்சு விடுவது அந்தப் புகையைத்தான். அரை அடி தள்ளி நின்று, பக்கவாட்டிலிருந்து பார்த்தாலே பெரிய வித்தியாசம் இருக்கும். புகை இழுக்கும் குழாயின் வாய் வேலைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவுதான் இழுக்கும். இரண்டு அடி தள்ளி வைத்துவிட்டால் சத்தம்தான் மிச்சம். துணி முகமூடி உலோகப் புகையைத் தடுக்காது.

துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டை அப்படியே வெல்டிங் செய்தால் வெள்ளையாகப் புகை வரும், பஞ்சு போல் சாம்பல் பறக்கும். அன்று இரவு குளிர், காய்ச்சல், உடம்பு வலி, வாயில் உலோகச் சுவை. மறுநாளோ அதற்கடுத்த நாளோ சரியாகிவிடும், ஃப்ளூ என்று நினைத்து விட்டுவிடுவார்கள். தொடர்ந்து அதே புகையில் இருந்தால் வாரக் கடைசியில் உடம்பு பழகியது போல இருக்கும். விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வந்தால் மறுபடியும் காய்ச்சல். பழகிவிட்டது என்று அதைப் பெருமையாகச் சொல்பவர்களைப் பின்பற்றாதீர்கள். பூச்சை வெல்டிங் செய்யும் இடத்திலிருந்து இரண்டு பக்கமும் நீக்கிவிட்டுத்தான் வேலை செய்ய வேண்டும். நீக்கும்போதும் தூசு மூக்கில் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காட்மியம் பூசிய போல்ட், பழைய பாகங்கள் இதைவிட மோசம், உயிரையே எடுக்கும். என்ன பூச்சு என்று தெரியவில்லை என்றால் பயிற்றுநரிடம் கேட்காமல் ஆர்க் வைக்காதீர்கள்.

இதே வரிசையில் பலருக்குத் தெரியாத ஒன்று, எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும் திரவங்கள். சில வகைப் பிரேக் கிளீனர்களிலும் டிகிரீசர்களிலும் குளோரின் சேர்ந்த கரைப்பான் இருக்கும். அது காயாமல் இருக்கும் தகட்டின் மேலோ, அதன் ஆவி இருக்கும் காற்றிலோ ஆர்க் போட்டால், வெப்பமும் புறஊதாக் கதிரும் சேர்ந்து அதைப் பாஸ்ஜீன் வாயுவாக மாற்றும். முதல் உலகப்போரில் ஆயுதமாகப் பயன்பட்ட அதே வாயு. அப்போதைக்கு இலேசான இருமலோடு போய்விடும், பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கும். டப்பாவின் லேபிளில் உள்ள பெயர் எதிலாவது, முன்னாலோ நடுவிலோ கடைசியிலோ, குளோரோ அல்லது குளோரைடு என்று இருந்தால், அந்த டப்பா வெல்டிங் மேசைப் பக்கமே வரக் கூடாது.

தீயும் தாமதமாக வருவதுதான். பொறி 35 அடி, அதாவது சுமார் 11 மீட்டர் வரை போகும் என்று வைத்துத்தான் விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன. மேலே நின்று வேலை செய்தால் கணக்கே வேறு. சுவர் இடுக்கிலோ மரத்தூளிலோ விழுந்த பொறி கனன்றுகொண்டே இருந்து, எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு பற்றும். அதனால்தான் வேலை முடிந்த பிறகும் ஒருவர் நின்று கவனிக்க வேண்டும் என்ற விதி. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு விதி குறைந்தது அரை மணி நேரம் என்கிறது. அங்குள்ள தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 51பி தரநிலை 2019 பதிப்பில் அதை ஒரு மணி நேரமாக்கியது. பயிற்சிக்கூடத்தில் மாணவர்கள் முதலில் விடுவது இதைத்தான், மணி அடித்ததும் கிளம்பிவிடுவார்கள். கடைசி அரை மணி நேரம் ஆர்க் வேண்டாம், அப்போது கூட்டிப் பெருக்குங்கள் என்று நான் சொல்வது அதற்காகத்தான். பெருக்கிக்கொண்டே கவனிக்கலாம்.

தாமதமே இல்லாமல் வருபவை வேறு சில. காலி டிரம் ஒன்று. எரிபொருளோ கரைப்பானோ இருந்த டிரம் காலியான பிறகுதான் அதிக ஆபத்து, உள்ளே ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். 'கழுவிட்டோம்' என்று யார் சொன்னாலும், மாணவர் அதில் வெட்டவோ ஒட்டவோ கூடாது. இரண்டு பக்கமும் அடைத்த குழாயும் அப்படித்தான், உள்ளே காற்று சூடாகி விரிய வழி வேண்டும்.

மின்சாரம் இன்னொன்று. ஆர்க் இல்லாமல் சும்மா இருக்கும்போது ஹோல்டருக்கும் வேலைத்துண்டுக்கும் நடுவில் சுமார் 50 முதல் 80 வோல்ட் இருக்கும். வீட்டு மின்சாரத்தைவிடக் குறைவுதானே என்பார்கள். வேர்வையில் நனைந்த சட்டை, ஈரக் கையுறை, இரும்புக்குள் குறுகி உட்கார்ந்து செய்யும் வேலை, இவை சேர்ந்தால் அந்த வோல்டேஜே ஆளைக் கொல்லப் போதும். கையுறை நனைந்தால் மாற்றுங்கள். வெறுங்கையால் ராடு மாற்றாதீர்கள், கேபிளைத் தோளிலோ இடுப்பிலோ சுற்றாதீர்கள். வேலையை நிறுத்தும்போது ராடைக் கழற்றிவிட்டு ஹோல்டரை அதற்கான கொக்கியில் மாட்டுங்கள். பாதி ராடோடு ஹோல்டரை மேசையில் போட்டால், யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் ஹெல்மெட் இல்லாத முகத்துக்கு எதிரில் ஆர்க் அடிக்கும். மின்சாரம் இயந்திரத்துக்குத் திரும்பும் கேபிளின் கவ்வியான எர்த் கிளாம்பை வெல்டிங் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே, துரு சுரண்டிய இடத்தில் போடுங்கள்.

கேஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்களுக்கு அது பின்னால்தான் வரும். ஆக்ஸிஜன் வால்வு, ரெகுலேட்டர் எதிலும் எண்ணெயோ கிரீஸோ படக் கூடாது. அதிக அழுத்த ஆக்ஸிஜனில் அது தானே தீப்பிடிக்கும். ஆக்ஸிஜனால் உடம்பில் உள்ள தூசைத் தட்டவும் கூடாது, துணியில் ஏறிவிட்டால் ஒரு பொறி போதும். எரிவாயுவான அசிட்டிலீனின் அழுத்தத்தை 15 பி.எஸ்.ஐ.க்கு (அழுத்த அளவு) மேல் வைக்கக் கூடாது, அதற்கு மேல் அந்த வாயு நிலையாக இருக்காது. சிலிண்டரை நிறுத்தியே வைக்க வேண்டும், சங்கிலியோடு. சில வகை வெல்டிங்கில் பயன்படும் ஆர்கான் வாயு காற்றைவிடக் கனமானது. தொட்டி, குழி போன்ற இடங்களில் தேங்கி மூச்சுக்கான ஆக்ஸிஜனைத் தள்ளிவிடும். வாசனை கிடையாது, மயங்கி விழுவதுதான் முதல் அறிகுறி. அடைபட்ட இடத்துக்குள் போகும் வேலை மாணவருக்கு உரியதே அல்ல.

இனி சம்பிரதாயம் எது என்ற கேள்வி. சீருடையின் நிறம், வருகைப் பதிவு போன்றவை ஒழுங்குக்காக. ஆனால் சில விதிகள் பார்க்கச் சம்பிரதாயம் போலவே இருக்கும்: மேல் பையின் மூடியைப் பொத்தான் போட்டு மூடு, பேன்ட் நுனியை மடிக்காதே, பேன்ட்டை ஷூவுக்கு வெளியே விடு, பையில் லைட்டர் வைக்காதே, பாலியெஸ்டர் போடாதே. இவை அத்தனையும் பொறி எங்கே போய் உட்காரும் என்று கண்டவர்கள் எழுதியவை. பாலியெஸ்டர் எரிவதோடு நிற்காது, உருகித் தோலில் ஒட்டும். சூடு பட்டால் ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பேஸ்ட், வெண்ணெய் எதுவும் தடவாதீர்கள்.

சொல்வது பற்றி. நடைமுறையில் இதுதான் கஷ்டம். பயிற்றுநர் அவசரத்தில் இருப்பார், பக்கத்தில் இருப்பவன் சிரிப்பான். ஆகவே பெரிய வாதமாக இல்லாமல் கேள்வியாகக் கேளுங்கள்: 'சார், இந்த டிரம்ல முன்னாடி என்ன இருந்துச்சு?', 'சார், இந்தக் கேபிள்ல உறை கிழிஞ்சிருக்கு, வேற தர்றீங்களா?', 'சார், இது இன்னும் எனக்குச் சொல்லித்தரல, ஒரு தடவை காட்டுறீங்களா?' நல்ல பயிற்றுநர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டாலும் நீங்கள் அந்த வேலையைத் தொடங்காமல் நிற்கலாம். கிழிந்த கேபிளை நீங்களே டேப் சுற்றிச் சரிசெய்துவிட்டுச் சொல்லாமல் இருப்பது உதவி அல்ல, அடுத்த ஷிப்டில் அதை எடுப்பவருக்கு அது தெரியாது. சின்னக் காயத்தையும் கண் உறுத்தலையும் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். பின்னால் சட்டப்படி கேள்வி வந்தாலும் அந்த ஒரு வரி உங்களுக்கு உதவும். கையெழுத்து போட்ட தாளின் நகலையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கான்டாக்ட் லென்ஸ். ஆர்க் வெளிச்சத்தில் லென்ஸ் உருகிக் கருவிழியோடு ஒட்டிக்கொள்ளும் என்ற கதை நெடுநாளாகச் சுற்றுகிறது. அது உண்மை இல்லை. போட்டுக்கொள்ளலாம். ஆனால் அது பாதுகாப்பு இல்லை, மேலே பாதுகாப்புக் கண்ணாடியும் ஹெல்மெட்டும் கட்டாயம். கிரைண்டிங் தூசு லென்ஸுக்கு அடியில் போனால் கருவிழியைக் கீறும், பட்டறைக் கையோடு அதைக் கழற்றினால் இன்னும் மோசம். கண்ணில் ஆர்க் அடித்த சந்தேகம் இருந்தால் கையைச் சோப்பு போட்டுக் கழுவி உடனே லென்ஸைக் கழற்றுங்கள், கண் முழுதாக ஆறும்வரை மறுபடி போடாதீர்கள். பவர் போட்ட பாதுகாப்புக் கண்ணாடி செய்து தருகிறார்கள். கண் மருத்துவரிடம் வெல்டிங் கற்கிறேன் என்று சொல்லியே கேளுங்கள். எனக்கு அதுதான் வசதியாகப் படுகிறது.